ஜீப்பில் கோளாறைக் கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி?

தஞ்சாவூர்ச் சீமையில் மலையும் இல்லை, பாறையும் இல்லை. வல்லத்துச் செம்மண் மேட்டை விட்டால், வண்டி முக்கி ஏறும் இடமென்று இருப்பது ஆற்றங்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான். ஆகவே இங்கே ஜீப் வைத்திருப்பவர் அதை உயர்த்தியே தீரவேண்டும். வில்லீஸ் வழிவந்த பழைய எம்எம் 540 ஒன்று கைக்கு வந்ததும் ஷேக்கிளை நீட்டி, ஸ்பிரிங் பட்டையைக் கூட்டி, 28 அங்குல டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு 33 அங்குலம் மாட்டிவிடுங்கள். மறுவாரமே ஸ்டியரிங் ஒரு பக்கம், பிரேக் ஒரு பக்கம் தகராறு செய்யும். அதை முறைப்படி ஆராய்வது எப்படி என்று பார்ப்போம். முறைப்படி என்றால், குற்றம் நம் தலையில் விழாதபடி.

முதலில் ரோட்டைத் திட்டுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஊரில் கூடமும் கோணல்தான் என்பதால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால், நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்புகிறது. உயர்த்தும்போது ஸ்டியரிங் பாக்ஸ் சேஸோடு மேலே போனது, ஆக்ஸில் கீழேயே நின்றுவிட்டது. இரண்டையும் இணைக்கும் டிராக் லிங்க் முன்பு படுத்த வாக்கில் கிடந்தது. இப்போது சரிவாகச் சாய்ந்து, பட்டை அமுங்கும்போதெல்லாம் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது. இதை யோசித்தால் உயர்த்தக் கொடுத்த பணமும் கூடவே ஞாபகம் வரும். ரோடு போட்ட கான்ட்ராக்டரைத் திட்டுவதே உடம்புக்கு நல்லது.

அடுத்தது ஆட்டம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழி வந்ததும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று உதறும், ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போகும். பக்கத்தில் உட்கார்ந்த மாமா, "தலையாட்டி பொம்மை கணக்கா ஆடுதே மாப்ளே" என்பார். பொம்மைக்குக் கனமெல்லாம் அடியில். எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். உங்கள் வண்டிக்குக் கனத்தை நீங்களே மேலே தூக்கி வைத்திருக்கிறீர்கள். கிங் பின் பேரிங் தேய்ந்திருக்கலாம், டை ராடு எண்டு லூஸாகியிருக்கலாம். நீள ஷேக்கிளால் முன் ஆக்ஸில் சாய்ந்து காஸ்டர் கோணம் குறைந்திருந்தால், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே சரியான பக்கமாக ஒரு ஆப்பு வைத்தால் கோணம் சரியாகும். ஆனால் ஆப்பு வெளியே தெரியாது. சிவப்புப் பெயின்ட் அடித்த ஸ்டியரிங் டாம்பர் தெரியும். அதையே வாங்குங்கள். தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்க, ஆட்டம் மட்டும் கொஞ்ச நாள் அடங்கியிருக்கும்.

இந்த ஆட்டத்துக்கு டெல்டாவுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, குறுவைக்குச் சேறடிக்கும் நாளில், நாலு பேர் பார்க்க வயலில் ஜீப்பை இறக்கியிருப்பீர்கள். வண்டல் களி ரிம்மின் உட்பக்கம் அப்பி, வெயிலில் காய்ந்து, செங்கல்லாக இறுகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அப்படி ஒட்டியிருந்தால் போதும், வேகம் பிடித்ததும் சக்கரம் உதறும். மேலே பளபளவென்று கழுவி, பூமாலை போட்டு நிறுத்திய வண்டியில்தான் இது அதிகம். தண்ணீர்க் குழாயும் ஒரு மூங்கில் குச்சியும் எடுத்துக் குனிந்தால் ஆட்டம் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. எனவே குனியாமல் போய் நாலு டயரையும் மாற்றுங்கள்.

பழைய மெக்கானிக் யாரிடமும் சிக்கிவிடாதீர்கள். அவர் டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து ஆட்டுவார். 'டொக் டொக்' என்று கேட்கும். "தம்பி, ஏறி பிரேக்க மிதிச்சுப் புடிங்க" என்பார். மறுபடி ஆட்டுவார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். அப்போதும் ஆடினால் கிங் பின். பிறகு இடவலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டு மாட்டிக்கொள்ளும். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இவ்வளவு மலிவாகக் கண்டுபிடித்த கோளாறை வெளியே சொன்னால் யார் மதிப்பார்கள்? அமெரிக்கப் பாலைவனத்தில் ஒருவர் ஜீப் ஓட்டும் வீடியோவை இரண்டு மணி நேரம் பாருங்கள்.

இனி பிரேக். மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறதா? வலப்பக்கத்து டிரம்மைப் பிரித்துப் போடுங்கள். உண்மையில் அந்தப் பக்கம் ஒழுங்காகப் பிடிக்கிறது. இடப்பக்கத்தில்தான் லைனிங் எண்ணெயில் ஊறியோ, வீல் சிலிண்டர் இறுகியோ கிடக்கும். வேலை செய்கிறவனையே கூப்பிட்டு விசாரிப்பது நம் எல்லா ஆபீஸ்களிலும் உள்ள வழக்கம், பிரேக்குக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

பெடல் கொழகொழவென்று இருந்தால் ஏர் எடுக்க வேண்டும். வெளியே எங்கும் கசிவில்லை, ஆனால் மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. இரண்டுக்கும் நண்பர்கள் ஒரே மருந்து சொல்வார்கள்: "ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும்டா." பிரேக் ஆயில் குறைந்திருந்தால் கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றலாம், உள்ளேயிருக்கும் ரப்பர் எல்லாம் ஊதி, மொத்தமாக மாற்றும் பாக்கியம் கிடைக்கும். சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். உயர்த்தியவர் அதை நீட்டியிருக்க மாட்டார்.

33 அங்குல டயரில் அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் பிரேக் சுமார் 15 சதவீதம் குறைவு. மீட்டர் 50 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 59-இல் போகும். நிதானமாகத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்ய இது வசதி.

டிராக்டர் டிரைவரிடம் யோசனை கேட்கவே கூடாது. இந்த மண்ணில் நிஜமாகவே ரோடில்லாத இடத்தில் ஓட்டுகிறவர் அவர். அவருக்குப் பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பிரேக் பெடல். வயலில் தனித்தனியாக மிதித்து நின்ற இடத்திலேயே திருப்புவார். வரப்பைத் தாண்டி ரோட்டில் ஏறுமுன் இரண்டையும் கொண்டி போட்டுச் சேர்த்துவிடுவார். மறந்து, வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் குடைசாயும். உங்கள் ஜீப்பைச் சுற்றி வந்து, "எதுக்குத் தம்பி இவ்ளோ ஒசத்தி?" என்று அவர் கேட்டால் பதில் இருக்காது.

சட்டம் ஒரு சில்லறை விஷயம். தயாரித்த கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-இல் சொல்லிவிட்டது. வழியில் போலீஸ் மறித்தால், வாங்கும்போதே டயர் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் கைகாட்டும் இடத்தில் வண்டி நிற்க வேண்டும்.