சிப்காட் கம்பெனிகளில் ஆலோசகருக்கு வைக்கப்படும் பிஸ்கட்: ஓர் ஆய்வு

ஆலோசனை நிறுவனத்தில் வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால் சம்பளம், அலைச்சல், பவர்பாயிண்ட் என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எல்லாம் மேம்போக்கு. ஓர் ஆலோசகர் இன்றைய தேதியில் எந்த நிலைமையில் இருக்கிறார் என்பதைப் பிசகாமல் காட்டும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: மீட்டிங் அறையில் அவர் முன் வந்து உட்காரும் பிஸ்கட் தட்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் திருவள்ளூர் மாவட்டத்தின் பிற தொழிற்பேட்டைகளையும் களமாகக் கொண்டு இப்பொருளை ஆராய அறிஞர் எவரும் முன்வராத நிலையில், இக்கட்டுரை அந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றுக்கொள்கிறது.

ஆய்வு எல்லையை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் ‘கன்சல்டன்சி’ என்று போர்டு மாட்டிய கடைகளில் பாதிக்கு மேல் ஆலைகளுக்கு ஆள் எடுத்துத் தரும் இடங்கள். உள்ளே போனால் பயோடேட்டாவும் ஆதார் நகலும் கேட்பார்கள், பிஸ்கட் கிடையாது. ஆகவே அவை ஆய்வில் சேரா. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவற்றைப் பார்த்துக்கொள்ளும் கன்சல்டன்டுகள் கம்பெனி வாசலைவிட அரசு அலுவலக வாசலில் அதிகம் நிற்பவர்கள். அவர்களுக்கு டீ உறுதி, பிஸ்கட் ஐயத்துக்குரியது. 1926இல் சிகாகோவில் பிறந்த மெக்கின்சி போன்ற பெரிய இடத்து ஆட்கள் நட்சத்திர ஹோட்டலில் குக்கீ சாப்பிடுகிறவர்கள். குக்கீ வேறு இனம். மிஞ்சியிருப்பவர் ஐ.எஸ்.ஓ., 5எஸ், லீன் என்று தோளில் லேப்டாப் பையோடு லோக்கல் ரயிலில் வந்து இறங்கும் ஆலோசகர். இவ்வாய்வாளரும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே. ஆதலால் களப்பணியில் பசி தவிர வேறு இடையூறு ஏற்படவில்லை.

இத்துறையின் முன்னோடி ஔவையார். தொண்டை நாட்டுக்கு, அதாவது இன்றைய திருவள்ளூர் மாவட்டமும் அடங்கிய நிலத்துக்கு, வெளியூரிலிருந்து வந்து கிடங்கைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தவர். அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அந்த ஆடிட் ரிப்போர்ட் புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் இருந்தன. பணியிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கச் சொல்லும் 5எஸ் கணக்கில் முழு மதிப்பெண். அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. இன்றைக்கு இதைப் பிரேக்டவுன் மெயின்டனன்ஸ் என்போம், திட்டுவோம். ஔவையாரோ தொண்டைமானைப் பாராட்டுவதுபோல் பாராட்டி, பாராட்டுக்குள்ளேயே ஒரு மேஜர் என்.சி., அதாவது பெரிய குறை, வைத்துவிட்டு வந்தார். பளபளக்கிற கருவி ஓடாத கருவி என்று அவர் கண்டது இன்றுவரை எந்தச் செக்லிஸ்டிலும் ஏறவில்லை. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியை அட்வான்ஸ் என்றே இவ்வாய்வாளர் கொள்கிறார். தொண்டைமான் அரண்மனையில் அவருக்கு என்ன பரிமாறினார்கள் என்ற தகவல் மட்டும் பாட்டில் இல்லை. பெரிய ஆய்வு இடைவெளி.

இனிக் கருதுகோள். பிஸ்கட்டின் தரம் ஆடிட் தேதி நெருங்க நெருங்க உயரும். இன்வாய்ஸ் தேதி கடக்கக் கடக்கத் தாழும்.

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போய்ச் சேரும்போது முதல் பசி வந்திருக்கும். ஸ்டேஷன் வாசலில் கம்பெனி கார் நின்றால் அது முதல் விசிட். “ஷேர் ஆட்டோ நிறைய இருக்கு சார்” என்று போனில் பதில் வந்தால், நம் இன்வாய்ஸ் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அறிக. தட்டைக் காண்பதற்கு முன்பே தட்டில் இருப்பதை ஊகிக்க இது உதவும்.

முதல் விசிட்டின் தட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பீங்கான் தட்டு, அடியில் டிஷ்யூ பேப்பர். வெளிவட்டத்தில் முந்திரி போட்ட குட் டே, நடுவில் உப்பு பிஸ்கட், ஓரமாக நாலைந்து மேரி. மேரி வந்திருந்தால் எம்.டி.க்குச் சர்க்கரை என்று பொருள். ரத்தப் பரிசோதனை தேவையில்லை. தட்டு வைத்துப் பத்து நிமிடம் யாரும் கை நீட்ட மாட்டார்கள். “எடுத்துக்குங்க சார்” என்று மூன்று முறை உபசாரம் நடக்கும். எம்.டி. ஒரு மேரியை எடுத்து டீயில் நனைத்த பிறகுதான் பிளான்ட் மேனேஜரின் கை நகரும், பின் குவாலிட்டி, பின் ஸ்டோர்ஸ், கடைசியில் அக்கவுண்ட்ஸ். நிறுவன அமைப்பு வரைபடம் கேட்டால் ஒரு வாரம் இழுத்தடிப்பார்கள். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே வரைந்து காட்டிவிடும். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர்கள்வரை தட்டு போவதில்லை. அவர்களும் எதிர்பார்ப்பதில்லை.

இந்தத் தட்டுக்கு ஏற்பாடு செய்பவர் எம்.ஆர். என்னும் மேனேஜ்மென்ட் ரெப்ரசென்டேட்டிவ். ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை 1987இல் வந்து 1994, 2000, 2008, 2015 என்று திருத்தம் கண்டது. 2015 திருத்தத்தில் எம்.ஆர். என்ற பதவி கட்டாயமில்லை என்று எடுத்துவிட்டார்கள். ஜெனீவாவில் உட்கார்ந்து எடுத்துவிடுவது சுலபம். கும்மிடிப்பூண்டியில் எம்.ஆர். இன்றும் இருக்கிறார், விசிட்டிங் கார்டோடு இருக்கிறார். பிஸ்கட் சொல்லிவிட ஓர் ஆள் வேண்டாமா?

முதல் விசிட்டுக்கும் ஆடிட்டுக்கும் இடையில் நடப்பது ஆவணத் தயாரிப்பு. தொழிலின் பெரும்பகுதி இதுதான். பிஸ்கட் இல்லாத பகுதியும் இதுதான். அறை வாடகை பகிர்ந்துகொள்ளும் இளைஞர்கள் இரவு பதினொரு மணிக்குப் பழைய கம்பெனியின் மேனுவலைத் திறந்து, பெயரைத் தேடி மாற்றி, புதிய கம்பெனியின் மேனுவலாக்குவார்கள். கம்பி உருட்டும் ஆலை ஒன்றுக்கு இப்படிப் போன மேனுவலில், உற்பத்திப் பொருளை நாலு டிகிரி குளிரில் வைத்து, காலாவதித் தேதிக்கு முன் அனுப்ப வேண்டும் என்று இருந்தது. மூலம் ஒரு பால் பண்ணை. பில்லட்டை ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சித்தான் உருட்டுவார்கள். அந்த மேனுவலில் எம்.டி., எம்.ஆர்., பிளான்ட் மேனேஜர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யாரும் படிக்கவில்லை என்பதைவிட, யாரும் படிக்க மாட்டார்கள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது என்பதே தொழில்நுணுக்கம்.

ஆடிட் நாளில் தட்டு உச்சத்தைத் தொடும். முந்திரி தனிக் கிண்ணத்தில் வரும், இளநீர் வரும், மதியம் ஹைவே ஹோட்டலிலிருந்து பார்சல் வரும். இவை ஆலோசகருக்கு வந்தவை என்று மயங்கக் கூடாது. ஆலோசனை சொல்கிறவர் வேறு, சான்றிதழ் தரும் நிறுவனம் வேறாக இருக்க வேண்டும் என்பது விதி. வந்திருப்பவை ஆடிட்டருக்காக, ஆலோசகர் பந்தியில் பக்கத்து இலை. ஆடிட்டர் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லவும் கூடாது. வாயில் பிஸ்கட் இருந்தால் இவ்விதியைக் கடைப்பிடிப்பது எளிது. சான்றிதழுக்கு ஆயுள் மூன்றாண்டு, இடையில் ஆண்டுதோறும் ஒரு கண்காணிப்பு ஆடிட். எனவே தட்டு வருடத்துக்கொரு முறை பூத்து உதிரும்.

உதிர்வது எப்படி? சான்றிதழ் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியதும் முதலில் முந்திரி போகும். பிறகு பீங்கான் தட்டு போய் எவர்சில்வர் தட்டு வரும். பிறகு தட்டே இல்லாமல் பாக்கெட் பிரித்த நிலையில் மேசைக்கு வரும். கடைசியில் பேப்பர் கப்பில் டீ மட்டும், அதுவும் மெஷின் டீ. இக்காலகட்டத்தின் உரையாடல் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே:

“பேமெண்ட் என்ன ஆச்சுங்க?”

“செக் ரெடி சார். எம்.டி. சைன்தான் பாக்கி. ஊர்ல இல்ல.”

எம்.டி.யின் கார் ஜன்னல் வழியே தெரியும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. உத்யம் பதிவு செய்த சின்ன ஆலோசனை நிறுவனத்துக்கும் இது பொருந்தும். இந்த வட்டியைக் கேட்டு வாங்கிய ஆலோசகர் எவரையும் இவ்வாய்வாளர் சந்தித்ததில்லை. கேட்டவருக்கு அடுத்த வருடம் தட்டு இல்லை. இன்னும் வேடிக்கை, அந்த எம்.டி.யும் தன் பெரிய கஸ்டமரிடம் இதே வட்டியைக் கேட்க முடியாமல்தான் காரோடு ஒளிந்துகொண்டிருக்கிறார்.

பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1970 வாக்கில் நான்கு கட்டம் போட்டு உலகத் தொழில்களையெல்லாம் அதற்குள் அடக்கிப் புகழ்பெற்றது. நாமும் கட்டம் போடலாம். டீயும் பிஸ்கட்டும் வந்தால் புதிய கிளையன்ட், அல்லது ஆடிட் வாரம். டீ வந்து பிஸ்கட் வராவிட்டால் இன்வாய்ஸ் நிலுவை. இரண்டும் வராவிட்டால் வேறு ஆலோசகரிடம் கொட்டேஷன் வாங்கியாயிற்று. பிஸ்கட் வந்து டீ வராத கட்டம் காலி; தமிழ்நாட்டில் அப்படியொரு நிலை இயற்கைக்கு மாறானது. உருக்காலைகளில் கோடையில் வரும் மோர் இக்கட்டங்களில் எதிலும் அடங்கவில்லை. உலை பக்கத்தில் அரை மணி நின்றவருக்கு அது அமிர்தம் என்ற குறிப்போடு விட்டுவிடுகிறோம்.

காலக்கணிப்பு முறை பற்றியும் சொல்ல வேண்டும். இம்மாவட்டத்துக்கு அதில் பெருமை உண்டு. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பின்னாளில் சாந்தி பப்புவின் குழுவினர் அங்கே அடுக்கடுக்காகத் தோண்டி, அடி அடுக்கின் வயது 15 லட்சம் ஆண்டு அளவில் என்று 2011இல் அறிவித்தார்கள். அதே முறையைத் தட்டிலும் கையாளலாம். மேலே மொறுமொறுப்பு, கீழே நமுத்துப்போன அடுக்கு என்றால், காலையில் இன்னொருவர் வந்துபோன தட்டின்மேல் நமக்குத் தூவியிருக்கிறார்கள். வந்தவர் யார்? உடைந்த துண்டுகள் மேரியாக இருந்தால் பேங்க் மேனேஜர். முந்திரி மட்டும் பொறுக்கப்பட்டிருந்தால் போட்டி ஆலோசகர்.

தட்டைச் சாப்பிட்டதற்கு ஆலோசகர் திருப்பித் தருவது என்ன என்று நேர்மையான வாசகர் கேட்கலாம். 1924இல் சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலையில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தும் பார்த்தார்கள், அப்போதும் பெரும்பாலும் குறையவில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காகவே வேலை மாறியது என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். கையில் கிளிப்போர்டோடு நாம் ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறுவதைக் கண்டவர்களுக்கு இந்த விளக்கம் போதும். போதாதவர்களுக்கு ஒரு நிகழ்வு.

பிரஸ் ஷாப் ஒன்று. டை மாற்ற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது, குறைக்க வேண்டும் என்பது நமக்கிட்ட வேலை. ஆட்கள் நடக்கும் பாதையைக் கோடு கோடாக வரையும் ஸ்பாகெட்டி வரைபடம் என்று ஒன்று உண்டு. வரைந்து முடித்தால் இடியாப்பம்தான். அதை வரைந்துகொண்டிருந்தபோது, தலை நரைத்த ஆபரேட்டர் ஒருவர் கையைக் கழிவுத்துணியில் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

“இது எதுக்கு சார் இவ்ளோ கோடு? டை ரேக்கு அந்தக் கோடில, மெஷினு இந்தக் கோடில. ரேக்கைத் தூக்கித் தூணுகிட்ட போட்டா முடிஞ்சது. கிரேனுக்கும் காத்துக்கிட்டு நிக்க வேணாம். மூணு வருசமா சொல்லிக்கினுதான் கீறேன்.”

ரேக் இடம் மாறியது. நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. அறிக்கையில் அது ‘பொருள் நகர்வுப் பாதைச் சீரமைப்பு’ என்ற தலைப்பில், வண்ண வரைபடத்தோடு, பதினெட்டாவது ஸ்லைடில் இடம்பெற்றது. எம்.டி. கைதட்டினார். அன்றைய தட்டில் முந்திரி இருந்தது. ஆபரேட்டர் அப்போது இரண்டாம் ஷிஃப்டில் இருந்தார். கேன்டீனில் டீயும் பன்னும். அதே வார்த்தையைத் தமிழில் ஓசியாகக் கேட்க மாடிக்கு விருப்பமில்லை, இங்கிலீஷில் காசு கொடுத்துக் கேட்க விருப்பம். ஆலோசனைத் தொழிலின் மொத்த வருமானமும் இந்த ஒரு மாடிப்படியில் இருக்கிறது. தரைத்தளத்தில் கேட்டதை முதல் தளத்தில் சொல்வது எங்கள் வேலை. படி ஏறுவதற்குத்தான் பிஸ்கட்.

ஆய்வின் பரிந்துரை ஒன்றே. தட்டை மீட்டிங் அறையில் வைக்காமல் ஷாப் ஃப்ளோரில், டை ரேக் பக்கத்தில், ஒரு ஸ்டூல் போட்டு வைக்கவும். ஆலோசகர் தானாக அங்கே வந்து சேருவார், எம்.டி.யும் மேரிக்காக இறங்கி வருவார். ஆபரேட்டர் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார். தட்டின் உயரம், ஸ்டூலின் நிறம், மஞ்சள் கோடு போட வேண்டிய தூரம் ஆகியவற்றுக்கு வரைபடம் தயாராக உள்ளது. இதை நடைமுறைப்படுத்த விரும்பும் சிப்காட் கம்பெனிகள் தொடர்புகொள்ளலாம். முதல் விசிட் இலவசம். கட்டணம் முன்பணமாகப் பாதி, ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு தனி.