நாள் கணக்கும் பிரேக்கும்

வண்டியின் எஃப்.சி.யை (தகுதிச் சான்று) புதுப்பிக்கத் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம் என்றால் டாக்சிக்காரர்கள் கொதிக்கிறார்களே, பயணியின் உயிரைவிட 50 ரூபாய் பெரிதா? (வாசகர், திண்டுக்கல்)

இல்லை. ஆனால், வண்டி ஓடாத நாளிலும் அபராதம் ஓடுகிறதே, அதற்கு யார் பிரேக் போடுவது? 2016 டிசம்பர் இறுதியில் மத்திய மோட்டார் வாகன விதி 81-ஐத் திருத்திக் கொண்டுவந்த கணக்கு இது. எஃப்.சி. முடிந்த வண்டி பட்டறையில் 90 நாள் படுத்துவிட்டால் 4,500 ரூபாய்!

சோதனையில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. எஃப்.சி. காட்டும் அன்றைக்கு இரவல் டயர், மறுநாள் பழையபடி வழுக்கை டயர் என்று ஓடும் வண்டியில்தான் நம் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை என்பது நியாயம். நாள் கணக்கு அபராதம் அநியாயம். அதை எடுத்துவிட வேண்டும்.