பித்தளையில் ஒரு மதராஸ்

லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் என்ற பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனி, 1934 முதல் 1936 வரை 191 நீராவி எஞ்சின்களை இறக்கி, அந்த வகைக்கு ‘ஜூபிலி’ என்று பெயர் சூட்டியது. 191 எஞ்சினுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டுமே? சாம்ராஜ்யத்தின் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு வரிசையாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 5574 இந்தியா, 5575 மதராஸ், 5576 பம்பாய். இன்னும் தள்ளிப் போனால் 5590 திருவிதாங்கூர், 5604 சிலோன். நாடுகள் தீர்ந்ததும் கடற்படைத் தளபதிகளைப் பிடித்தார்கள். 5581-க்கு ‘பீகார் அண்ட் ஒரிஸ்ஸா’ என்று பெயர். 1936 ஏப்ரலில் ஒரிஸ்ஸா தனி மாகாணமாகப் பிரிந்தது. எஞ்சினில் மட்டும் கடைசிவரை கூட்டுக்குடும்பம்தான்.

கிளாஸ்கோவில் பிறந்து பிரிட்டனிலேயே ஓடி ஓய்ந்த 5575, மதராஸைக் கண்ணால் கண்டதில்லை. அதைச் சின்ன அளவிலாவது இங்கே வரவழைப்பது என் கடமை என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் வேறு யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

கடையில் கிடைக்கும் ஜூபிலி மாடலில் வேறு ஏதாவது பெயர் அச்சடித்திருக்கும். அதை எடுத்துவிட்டு, நடுச் சக்கரத்தின் மேலே வளைந்திருக்கும் மூடியில் பித்தளைப் பெயர்ப்பலகையை ஒட்ட வேண்டும். இந்தப் பலகைகளை யாரும் உளியால் செதுக்குவதில்லை. மெல்லிய பித்தளைத் தகட்டில் எழுத்துகளை மட்டும் மறைத்துவிட்டு, மற்ற இடத்தை ஃபெர்ரிக் குளோரைடு அரிக்கும்படி விட்டால், எழுத்துகள் மேடாக நிற்கும். என் மாடல் ஓஓ அளவு, அதாவது நிஜத்தில் ஒரு அடி என்றால் இங்கே 4 மில்லிமீட்டர். நாலு அங்குல எழுத்தானால் 1.3 மில்லிமீட்டர். மதராஸ், இங்கிலாந்திலிருந்து சாதாரணத் தபால் உறையில் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

பெயின்ட் அடிக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். அதற்கு அசிட்டோன் நல்லது. அசிட்டோன் என் மகளின் நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கிறது. ரிமூவர் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

பலகையைச் சட்டத்திலிருந்து வெட்டாமலேயே அடிப்பதுதான் புத்திசாலித்தனம். தனியாக வெட்டிவிட்டால் தும்மலில் பறந்துவிடும். நீர்த்த எனாமலை எழுத்தோடு சேர்த்து முழுக்கப் பூசிவிடலாம். நுனிப் பிரஷ்ஷால் எழுத்தின் இடுக்குகளில் மட்டும் தடவுகிறேன் என்று உட்காருகிறவர்கள் அதே ஜென்மத்தில் எழுந்திருப்பதில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு 1500 நம்பர் உப்புத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, தண்ணீர் தொட்டு, மேலாக இரண்டு இழுப்பு. பள்ளத்தில் பெயின்ட் தங்கிவிடும். மேட்டில் எழுத்து பளிச்சென்று வரும். விரலால் தேய்க்கக் கூடாது. விரல் மெத்தென்று இருப்பதால் பள்ளத்துக்குள்ளும் இறங்கிச் சுரண்டிவிடும்.

கடைசியில் வார்னிஷ். இல்லாவிட்டால் சென்னைக் காற்றுக்குப் பித்தளை கறுத்துப்போகும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டாள்.

“கறுத்தா என்னடா? புளி போட்டுத் தேய்ச்சா பொன்னா வந்துடப் போறது.”

ரசாயனப்படி அம்மா சொன்னது முற்றிலும் சரி. புளியின் அமிலம் அதைத்தான் செய்யும். ஆனாலும், மாடல் எஞ்சினைக் குத்துவிளக்கோடு சேர்த்து வெள்ளிக்கிழமைதோறும் தேய்ப்பதற்கு நான் இன்னும் தயாராகவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பலகையை ஜன்னல் பக்கம் நீட்டி, எழுத்துக்கூட்டி, “மெட்ராஸ்” என்றாள். “வாசல்ல நம்ம வீட்டுப் பேர் அழிஞ்சு எத்தனை வருஷமாச்சு? போஸ்ட்மேன் பக்கத்து வீட்ல விசாரிச்சுண்டு வரான்.”

வீட்டுப் பெயர் வேறு அளவு. அதற்கு என்னிடம் பிரஷ் இல்லை.

உண்மையான சண்டை நிறத்தில்தான். எழுத்துக்குப் பின்புலம் கறுப்பா, சிவப்பா? ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற பெரம்பூர் நண்பர் ஒருவர் கறுப்புக் கட்சி. ஆதாரமாகப் பழைய புகைப்படங்களை எடுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு நிறமே தெரியாது. சிவப்பும் அதில் கறுப்பாகத்தான் விழும் என்றேன். “அப்போ கறுப்பு எப்படி விழும்?” என்றார். கறுப்பாகத்தான். அன்று காபி ஆறிப்போனது.

வேடிக்கை என்னவென்றால், ஓஓ அளவில் தண்டவாளமே தப்பு. நாலு அடி எட்டரை அங்குலம் இருக்க வேண்டிய அகலத்துக்கு 18.83 மில்லிமீட்டர் வேண்டும், இருப்பதோ 16.5. நிஜக் கணக்கில் ஏழு அங்குலம் காணாமல் போயிருக்கிறது. மொத்த எஞ்சினும் குறுகிய பாதையில் காலை இடுக்கிக்கொண்டு போகிறது. இதைச் சொன்னதும் நண்பர், “அதையெல்லாம் யார் சார் பாக்கப் போறா?” என்று சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடியால் ‘எஸ்’ எழுத்தின் வயிற்றுக்குள் சிவப்பைத் தேடினார்.

பலகையைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டவில்லை. அதன் ஆவி பக்கத்து பெயின்டில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு சொட்டு வார்னிஷ் போதும். நகத்தால் நெம்பினால் கழன்றும் வரும். அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பம்பாய்ப் பலகைக்கும் பணம் கட்டிவிட்டேன். ஒரே எஞ்சினுக்கு இரண்டு பெயரா என்று நண்பர் கொதித்தார். அந்தக் கம்பெனியே 1935-இல் 5642-ஐயும் 5552-ஐயும் நம்பர் மாற்றி, ஒன்றை ‘சில்வர் ஜூபிலி’ என்று மன்னரின் வெள்ளிவிழாவுக்கு ஜோடித்து நிறுத்திய கதையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“சரி, பம்பாய்க்காவது கறுப்பு அடிங்க.”