எம்மரமும் சம்மதம்

சாதி பார்க்காத இடம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடி அலைபவர்கள் சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடத்துக்குப் போகலாம். வெட்டிய மரங்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நிற்கும். அடியில் வேம்பு, அதன்மேல் புளி, இடுக்கில் பூவரசு, உச்சியில் வாகை. நிற்கும் காலத்தில் இவை ஒன்றையொன்று தொட்டதுகூட இல்லை. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், விறகு. ஒரே விலை, டன்னுக்கு இவ்வளவு.

இந்தச் சமத்துவம் லேசில் வந்துவிடவில்லை. ஆசாரிமார் என்றொரு பழைய கூட்டம் மரத்துக்கு மரம் வேற்றுமை பாராட்டிக்கொண்டிருந்தது. வேம்பு கரையானுக்குக் கசக்கும், ஆகவே நிலைக்கு. வாகை செக்குக்கு. கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கு. இலுப்பை தேருக்கு. புளியின் வைரம் உலக்கைக்கு. கத்தி ஆயிரம் முறை விழுந்தாலும் சிராய் எழும்பாது என்பதால் அதன் அடிமரம் கறிக்கடைக்கு. பூவரசில் கட்டில் செய்தால் பேரன் காலம் வரை ஆடாது என்று வேறு பெருமை. இப்படிப் பிறப்பைப் பார்த்துத் தொழில் ஒதுக்கிய பிற்போக்குத்தனத்தை நம் ஏல அறிவிப்பு ஒரே பத்தியில் ஒழித்துவிட்டது. தேக்கு, சந்தனம், ஈட்டிக்கு மட்டும் தனிக் கிடங்கு, தனி ஏலம் என்று இன்னும் நடக்கிறது. போகட்டும், எந்தப் புரட்சியிலும் நாலு மேட்டுக்குடிகள் தப்பித்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

ஆனால் நான் மிகவும் வியப்பது வெட்டும் நீளத்தை. மரம் சாய்ந்த அரை மணி நேரத்தில் மிஷின் வாளை வைத்து மூன்றடி மூன்றடியாக நறுக்கிவிடுகிறார்கள். மூன்றடியில் உலகத்தையே அளந்து முடித்த வாமனனுக்குப் பிறகு அந்த அளவின் மகிமையை இவ்வளவு துல்லியமாக உணர்ந்தவர்கள் இல்லை. கதவு நிலைக்கு ஏழடி வேண்டும். கட்டில் சட்டத்துக்கு ஆறரை அடி வேண்டும். வீணைக்கு நாலடியாவது வேண்டும். மூன்றடித் துண்டில் இந்த ஆசைகள் எதற்கும் இடமில்லை. வழியோடு போகும் தச்சர் யாராவது வண்டியை நிறுத்தி, “அண்ணே, அந்த அடிமரத்தை மட்டும் முழுசா விட்டிருக்கக் கூடாதா?” என்று கேட்பதற்குள் வேலை முடிந்துவிடும். பிற்பாடு எவரும் மனம் மாற முடியாதபடி முடிவெடுப்பதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

மனம் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வெட்டியவுடன் இருமுனையிலும் மெழுகோ பெயின்டோ சாணியோ பூச வேண்டும். இல்லாவிட்டால் முனை வேகமாகக் காய்ந்து வெடிக்கும். பிறகு அறுவை மில்லுக்குக் கொண்டுபோய்ப் பலகையாக்க வேண்டும். பலகைக்குப் பலகை ரீப்பர் கொடுத்து, காற்றாட, நிழலில் அடுக்க வேண்டும். வெளிறுப் பகுதியில் உளு விழாமல் மருந்து காட்ட வேண்டும். அப்புறம் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்ற கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டங்குலப் பலகை காய்வதற்குள் ஏலம் எடுத்தவர் தொழில் மாறிவிடுவார், அதிகாரி இடம் மாறிவிடுவார், ஆட்சிகூட மாறிப்போகலாம். அறுபது வருஷம் வளர்ந்த மரத்துக்காக இரண்டு வருஷம் காத்திருப்பதா? நம்மிடம் ஏது நேரம்?

வணிக நுட்பத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கும். எடைமேடையில் அந்தத் தண்ணீரும் விறகாகவே நின்று விலை போகிறது. தெருக்குழாயில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்டில் தண்ணீரையே விறகென்று விற்கும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது. வாங்கிப்போன செங்கல் சூளைக்காரர் அந்த ஈரத்தை விரட்டவே பாதி நெருப்பைச் செலவழிக்கிறார் என்றால் அது அவர் பாடு.

சாலையோர மரத்தை அறுக்க மில்காரர்கள் தயங்குகிறார்கள் என்பது உண்மைதான். அதற்கான ஏற்பாட்டைப் பொதுமக்களாகிய நாம் பல வருஷம் முன்பே செய்துவைத்தோம். டியூஷன் சென்டர், மூல பவுத்திர வைத்தியம், பைபாஸ் அருகில் மனை என்று எத்தனை தகரப் பலகை, எத்தனை ஆணி! மரம் பருக்கப் பருக்க அவற்றை விழுங்கிக்கொள்ளும். வெளியே சுவடு தெரியாது. ஓடுகிற வாள் அதில் பட்டால் பல் தெறித்துப் போகும். இரும்பு எங்கே இருக்கிறது என்று தடவிச் சொல்லும் கைக்கருவி ஒன்று உண்டு. கோயில் வாசலில் நம் இடுப்பில் வைத்துப் பார்க்கிறார்களே, அதேதான். மனிதர்களைச் சந்தேகிக்க வாங்கிய கருவியை மரத்தில் வைத்துப் பார்ப்பது மரத்துக்கு மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டார்கள் போலும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தபோது, எந்த மரத்தையும் விறகாகவே பார்க்கும் இந்த மனப்பக்குவம் விவசாயிகளுக்கும் வாய்த்தது. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையோடு பலாவும் தேக்கும் மாவும் ஒரே இரவில் படுத்தன. தாத்தா நட்ட பலாவை விறகு விலைக்குக் கேட்டவரிடம், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ஐம்பது கிலோமீட்டர்தான். அங்கே பலாமரத்தைக் குடைந்து வீணை செய்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வீணை. ஒரே கட்டையில் குடைந்தால் அதற்கு ஏகாந்த வீணை என்று பெயர். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் வேண்டியது அதே பலாதான். சாய்ந்த மரத்தையும் தேவைப்பட்ட பட்டறையையும் அறிமுகப்படுத்திவைக்க ஒரு கிடங்கும் ஒரு தொலைபேசி எண்ணும் போதுமாக இருந்திருக்கும். அப்படி ஏதாவது செய்து, துக்கத்தில் இருந்தவர்களைத் தொந்தரவு செய்யாத பெருந்தன்மையை என்னவென்று புகழ்வது!

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரக்காரர்கள் பாடு இன்னும் வேடிக்கை. ஆச்சா மரம் பல பத்தாண்டு காய்ந்திருந்தால்தான் குழலில் நாதம் நிற்கும் என்று பழைய வீடுகள் இடிபடும்வரை காத்திருந்து தூணையும் உத்தரத்தையும் விலைக்கு வாங்குகிறார்கள். அதாவது, நூறு வருஷத்துக்கு முன்னால் எவரோ ஒருவர் அந்த மரத்தை விறகாக்காமல் விட்ட குற்றத்தால்தான் இன்றைக்குக் கல்யாணத்தில் கெட்டிமேளத்தோடு நாதஸ்வரமும் கேட்கிறது. அடுத்த நூற்றாண்டுக்கு அந்தச் சங்கடம் இருக்காது.

மலேசியாக்காரர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய ரப்பர் மரம், பால் வற்றியதும் நல்லபடியாக அடுப்புக்கும் புகைக் கொட்டகைக்கும் கரிச் சூளைக்கும் போய்க்கொண்டிருந்தது. வெட்டிய சில நாளில் பூஞ்சை பிடித்து, வண்டு துளைத்துவிடும் மரம் அது, விறகாவதற்கென்றே பிறந்தது. அதைப் போய் ஆராய்ச்சி செய்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தி, 1980களில் மேசை நாற்காலி செய்ய ஆரம்பித்தார்கள். இன்று அவர்களின் மரச்சாமான் ஏற்றுமதிக்கு அதுதான் முதுகெலும்பு. மூவார் நகரமே அதில் பிழைக்கிறது. நல்ல விறகு ஒன்றை ஒரு நாடு இப்படி நிரந்தரமாக இழந்துவிட்டது.

நமக்கு அந்த இழப்பு நேரவில்லை. வாகையும் வேம்பும் சூளைக்குப் போகும் அதே சாலையில், தூத்துக்குடியில் இறங்கிய தேக்குத் தடிகள் எதிர்த்திசையில் வருகின்றன. கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் கடல் தாண்டி வந்த தேக்கு. இரண்டு லாரிகளும் டோல்கேட்டில் அருகருகே நிற்கும்போது எழும் பெருமிதம் சொல்லில் அடங்காது.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். கட்டிலாகவோ கதவாகவோ இருந்தால் அந்தக் கரிமம் தலைமுறைக் கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். நாமோ அறுபது ஆண்டுச் சேமிப்பை ஒரே வாரத்தில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இவ்வளவு நாணயமான கடனாளியை எந்த வங்கியும் கண்டதில்லை. வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடவும் உத்தரவு இருக்கிறது. குழி வெட்டிப் புகைப்படமும் எடுத்தாகிவிட்டது. கன்றைவிடக் கூண்டு உறுதியாக இருப்பதால் ஆடு மாடுகளுக்கும் கவலையில்லை.

குதர்க்கம் பேசுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள். விறகுக்குச் சீமைக் கருவேலம் இருக்கிறது, இராமநாதபுரம் முழுக்க வெட்ட வெட்ட முளைக்கிறது, கிளையும் சுள்ளியும் வளைந்த துண்டும் இருக்கின்றன, அவற்றை எரித்துவிட்டு நேரான அடிமரத்தை மட்டும் நீளமாக விடுங்களேன், கன அடிக் கணக்கில் தனியாக ஏலம் போட்டால் அரசுக்கே கூடுதலாகக் கிடைக்குமே என்று. அப்படிச் செய்தால் மரத்தின் பெயர் தெரிந்த ஒருவர் ஏலக் குழுவில் இருந்தாக வேண்டும். புதிதாக ஒரு பதவியை உருவாக்கி அரசுக்குச் செலவு வைக்க நான் உடன்படமாட்டேன்.

ஆகவே மரத்தை விறகாக்கும் இந்தத் துறையின் பெரியவர்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுப்பதுதான் முறை. கேடயத்துக்குச் சொல்லியாகிவிட்டது. நல்ல மரத்தில் செய்யலாமென்று அலைந்து பார்த்ததில் எதுவும் கிடைக்காததால் எம்.டி.எஃப். பலகையில், தேக்கு வரி அச்சடித்த தாள் ஒட்டிச் செய்கிறார்கள். பார்வைக்கு அசல்தான். விழாவன்று மழை வந்தால் மட்டும் பெரியவர்கள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நனைந்தால் ஊதிவிடும், அப்புறம் விறகுக்குக்கூட ஆகாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.