படியேறி வாருங்கள், ஐயா

பெறுநர்: செயலாளர் அவர்கள், மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை, இந்திய அரசு, புது தில்லி.
அனுப்புநர்: மாமல்லபுரம் கடலோரத்துப் பெற்றோர் சிலர்.
பொருள்: எங்களைச் சட்டம் படிக்க வைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழும் ஆதார் நகலும் கொண்டுபோவார்கள். எங்கள் பக்கத்து அம்மாக்கள் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். “சிறப்புப் பள்ளிதாம்மா குழந்தைக்கு நல்லது” என்று எதிரே இருப்பவர் கனிவாக ஆரம்பித்ததும் 31-ஆம் பிரிவை எடுப்பார்கள்: பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையுடையது. “கட்டடத்துல வசதி இல்லையே” என்றால் 16-ஆம் பிரிவு. கறுப்பு அங்கி ஒன்றுதான் பாக்கி. பத்தாம் வகுப்போடு நின்றவர்களைக்கூட இப்படி வாதாடப் பழக்கிய பெருமை உங்களையே சேரும்.

2005-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல்வகை ஊனமுற்றோருக்கான உங்கள் தேசிய நிறுவனம் எங்கள் முட்டுக்காட்டுக்கு வந்த ஆண்டு அது. பொது இடங்களில் தடையின்றிப் புழங்க வழி கேட்டு, பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி உச்ச நீதிமன்றப் படியேறியதும் அதே ஆண்டில்தான். 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை நிறைவேற்றுங்கள் என்று மறுபடி அலைச்சல். கடைசியில் 2024 நவம்பர் 8 அன்று, 2016 சட்டத்துக்கு நீங்கள் வகுத்த விதி 15(1) அந்தச் சட்டத்துக்கே முரண் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்தே தீர வேண்டும் என்று நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை, செய்தால் நல்லது என்கிற அளவுக்கு நீர்த்துப்போகச் செய்திருந்தீர்கள். கட்டாய விதிகள் வகுக்க மூன்று மாதக் கெடு கிடைத்தது. எங்களுக்கானால் கெடு தாண்டிய மறுநாளே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

கெடு என்றதும் இன்னொன்று. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்றவேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். ஆக, 2022 ஜூனோடு கணக்கு முடிகிறது. அடுத்த மாதமே மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட்! போட்டி நமக்குத்தான் என்று மார்ச்சில் முடிவாகி, ஜூலைக்குள் அரங்கம் தயார். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ ஊரெல்லாம் கைகூப்பி நின்றது. மனம் வைத்தால் நான்கு மாதம் போதும் என்று அன்று கண்ணால் பார்த்தோம். என்ன செய்ய, படிகளைத் தாண்டிக் குதிக்க எங்கள் பிள்ளைகள் குதிரைகள் அல்லவே.

அந்த ஆண்டு நவம்பரில் மெரினாவில் சக்கர நாற்காலிக்கென்று மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. புயலைச் சொல்லிக் குற்றமில்லை. அது ஒரே ராத்திரியில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. கோப்புகளுக்கு அந்த வேகம் வராது.

தேர்வுக்கு வருவோம். எழுதும்போது கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும் விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் ஒருவரைக் கேட்டார். 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் என்று கைவிரித்தார்கள். அந்த அளவுகோலை இதற்குப் பொருத்தக்கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல, உங்கள் வழிகாட்டுதல் 2022 ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. தேர்வு அறையில் எங்கள் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் மணிக்கு இருபது நிமிடம். உங்களுக்கு ஒன்றரை வருடம். பொறாமையில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். புதிய விதிகள் பற்றிய அடுத்த ஆலோசனைக் கூட்டத்தை எங்கள் ஊரில் வையுங்கள். லிப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் அறை பார்த்து வைக்கிறோம். படியேற முடியாதவர்கள் முப்பது நாளுக்கு முன்பே மருத்துவச் சான்றுடன் மூன்று நகல்களில் விண்ணப்பிக்கவும். நாற்பது சதவீதத்துக்குக் குறைவான மூச்சிரைப்பு பரிசீலிக்கப்படாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்கள்.