ஒற்றனுக்கு ஒரு பேனாக்கத்தி

என் ஒற்றனை நான் இரண்டு முறை காட்டிக்கொடுத்திருக்கிறேன். கெஸ்டபோவுக்கு அந்த வேலையே வைக்கவில்லை.

நான் எழுதிய தொடர்கதை. 1943, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் லியோன் நகரம். லண்டனிலிருந்து வந்து பாராசூட்டில் குதித்தவன், உள்ளூர்த் தச்சனாக நடிக்கிறான். அவன் இடுப்பில் ஒரு கத்தி செருக வேண்டும். யோசிக்க நான் எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடம். ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி! ஷாங்காய் நகரப் போலீசில் இருந்த இரண்டு ஆங்கிலேயர்கள் உருவாக்கியது. பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக வில்கின்சன் கம்பெனி 1941இல் செய்து கொடுத்தது. ஏறக்குறைய ஏழு அங்குலம், இரு பக்கமும் கூர், ஊசி முனை. படத்தைப் பார்த்ததும் மயங்கி அரைப் பக்கம் வர்ணித்தேன். ('நிலவொளியில் மின்னியது' இரண்டு தடவை வருகிறது. இப்போதுதான் எண்ணினேன்.)

முதல் வாசகி மனைவி. "இதை வெச்சு அவன் எப்படிங்க ரொட்டி அறுப்பான்?" என்றாள்.

"அவன் ரொட்டி அறுக்க வரலை" என்றேன், கொஞ்சம் கெத்தாக.

அச்சாகி வந்தபின் படத்தை உற்றுப் பார்த்தேன். ஆரம்பகாலக் கத்திகளில் கம்பெனி பெயரும் லண்டன் என்ற ஊர்ப் பெயரும் அலகிலேயே பொறித்திருக்கிறார்கள். பெயரை மாற்றி, மீசையை மாற்றி, போலி அடையாள அட்டையெல்லாம் கொடுத்துவிட்டு, இடுப்பில் மட்டும் அனுப்புநர் விலாசம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரமே அந்தக் கத்தியை, ஒரு காரணமும் சொல்லாமல், ஸோன் ஆற்றில் வீசினான்.

பிறகு புத்தி வந்தது. தச்சன் பையில் தச்சன் கத்திதானே இருக்கும்? ஸவோய் மலைப்பக்கம் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி அங்கே பிரசித்தம். மரப் பிடி, ஒற்றை அலகு. குடியானவனும் தொழிலாளியும் ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் வைத்திருப்பது. எந்தச் சிப்பாயும் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான். ஆராய்ச்சிக்காக நானும் ஒன்று வாங்கினேன். எட்டாம் நம்பர், எட்டரை சென்டிமீட்டர். (எங்கள் வீட்டுக் கணக்கில் ஆசைக்குப் பெயர் ஆராய்ச்சி.) மாங்காய் நறுக்கினேன், கார்பன் எஃகு கறுத்தது. கழுவி வைத்தேன், பிடி ஊறிப்போய்த் திறக்க மறுத்தது. ஆனால் கழுத்தில் ஒரு வளையம் உண்டு. திருப்பினால் அலகு அசையாமல் பூட்டிக்கொள்ளும். அதன் மேல் எனக்குக் காதல். ஒற்றனும் இருட்டில் வளையத்தைத் திருப்பினான், ஒரு பத்தி நீளத்துக்கு.

வாசகர் ஒருவரின் அஞ்சலட்டை வந்தது. ஒரே வரி. அந்த வளையம் வந்தது 1955இல்.

ஜேம்ஸ் பாண்ட் கதைகள் எழுதிய இயான் ஃபிளெமிங்குக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. 1956இல் பூத்ராய்ட் என்ற துப்பாக்கிப் பிரியர் எழுதினார், பாண்டின் பெரெட்டா பெண்களுக்கான துப்பாக்கி என்று. ஃபிளெமிங் 'டாக்டர் நோ' நாவலில் பாண்டுக்கு வால்தர் கொடுத்தார். அதை எடுத்துக் கொடுக்கும் ஆயுத நிபுணருக்கு மேஜர் பூத்ராய்ட் என்றே பெயரும் வைத்தார். நான் என்ன செய்தேன்? அஞ்சலட்டைக்காரர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க இரண்டு நாள் தேடினேன். பிறகு அட்டையை அகராதிக்குள் செருகிவிட்டேன். பதில் போடவில்லை.

மூன்றாவது தடவை மாட்டியது நானே. விமான நிலையச் சோதனையில், கைப்பையின் அடியில் அதே கத்தி. "இது என்ன சார்?" என்றார் காவலர். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஒப்பினெல். 1890இல்..." என்று ஆரம்பித்தேன். பின்னால் வரிசை முனகியது. நகவெட்டிகளும் கத்தரிக்கோல்களும் கிடந்த பெட்டிக்குள் போட்டுவிட்டார். என் ஒற்றன் பன்னிரண்டு அத்தியாயங்களில் ஏழு சோதனைச் சாவடி தாண்டியவன்.

புத்தகமாக வரும்போது திருத்திவிட்டேன். இப்போது அவனிடம் கத்தியே இல்லை. சாப்பாட்டுக்கடையில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு வாங்கி ரொட்டி அறுக்கிறான்.

படித்துவிட்டு மனைவி, "இப்பதாங்க தச்சன் மாதிரி இருக்கான்" என்றாள். "ஆமா, அந்தக் கறுத்த கத்தி எங்க? தேங்காய்க் கீத்து எடுக்க நல்லா இருந்துச்சே."

சாணை பிடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். நாலு மாசம் ஆகிறது.