‘நான் ஒண்ணுமே பண்ணல தம்பி’

கணினி சர்வீஸ் கடையின் வாடிக்கையாளர், கடைப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கும் நேரத்தில் வந்து சேர்பவர். வயது நாற்பதுக்கு மேல். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அதற்குள் துவாலையில் சுற்றிய லேப்டாப். சார்ஜர் வீட்டில் இருக்கும். மேசைக் கணினிக்காரராக இருந்தால் சிபியுவை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிறுத்தி, வேகத்தடைக்கு வேகத்தடை ஒரு கையால் அணைத்தபடி வருவார். வாங்கிய நாளுக்குப் பிறகு அந்தப் பெட்டி மீது அவர் காட்டும் முதல் பரிவு இதுதான்.

உள்ளே நுழைந்ததும் அவர் சொல்லும் வாக்கியம் மதுரையானாலும் மயிலாடுதுறையானாலும் மாறாது. “நான் ஒண்ணுமே பண்ணல தம்பி. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு.”

உண்மையில் கடைக்கு வருவதற்குள் வீட்டில் நிறைய நடந்திருக்கும். ஆஃப் செய்து ஆன் செய்திருப்பார், ஒவ்வொரு முறையும் முன்பைவிட அழுத்தமாக. பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டியிருப்பார். டயனோரா, சாலிடேர் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளிடம் பலன் தந்த சிகிச்சை அது. அதற்கும் மசியாவிட்டால் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் வரவழைக்கப்படுவான். அவன் படிப்பது சிவிலாக இருந்தாலும் பாதகமில்லை. யூடியூபைப் பார்த்துப் பின்மூடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது இரண்டு ஸ்குரூவை மிச்சம் வைப்பான். அந்த ஸ்குரூக்கள் விபூதிப் பொட்டலம் போல் மடித்த காகிதத்தில் கட்டைப்பையின் அடியில் கிடக்கும். கடையில் கேட்டால், “வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு.”

காபி கொட்டிய விஷயத்தில் வாக்குமூலம் தவணை முறையில் வரும். முதலில் எதுவுமே படவில்லை. கீபோர்டைக் கவிழ்த்ததும் பழுப்பாக ஏதோ உதிர, “லேசா தண்ணி பட்டிருக்கலாம்.” தண்ணீரில் டிகாக்‌ஷன் வாசம் எப்படி வந்தது என்று பையன் கேட்டதும், “அரை டம்ளர் இருக்கும், உடனே தொடைச்சிட்டோம்.” துடைத்த பிறகு ஓர் இரவு முழுக்க அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்ததை அவர் சொல்ல மாட்டார். யுஎஸ்பி துளையிலிருந்து விழும் பொன்னி அரிசி சொல்லிவிடும். ஈரத்தை இழுப்பதிலேயே அரிசி சுமார்தான். பாலும் சர்க்கரையும் போர்டில் காய்ந்து ஒட்டி, மின்சாரம் போகக் கூடாத வழிகளிலெல்லாம் அதைப் போகவிட்டு, செம்புக் கோடுகளை அரிப்பதற்கு அரிசியிடம் மருந்தே கிடையாது. கொட்டிய கையோடு ஆஃப் செய்து அன்றைக்கே கொண்டுவந்திருந்தால், பிரித்துக் கழுவும் கூலியோடு முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. இவர் ஒரு வாரம் கழித்து வருகிறார். அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் ஒரு முறை ஆன் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நோயைச் சொல்வதில் அவர் சிக்கனக்காரர். ஸ்லோ, ஹேங், வைரஸ். இந்த மூன்றுக்குள் உலகத்துக் கோளாறுகள் அத்தனையும் அடக்கம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனால் கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால், வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் வாசலிலேயே நிறுத்திவிடும். வாடிக்கையாளர் அகராதியில் இதற்குப் பெயர் ‘நெட் போயிடுச்சு’. பிராட்பேண்ட் கம்பெனிக்குப் புகார், அங்கிருந்து வந்த லைன்மேனோடு வாக்குவாதம், புது ரவுட்டர் என்று மூவாயிரம் ரூபாய் வரை போய்விட்டு, கடைசியில் மருந்துச்சீட்டு இல்லாமலே பெட்டிக்கடை விலைக்குக் கிடைக்கும் பேட்டரியில் அது சரியாகும். அப்போது அவருக்கு மகிழ்ச்சி வராது. “இதுக்கா?” என்பார். பையன் கேட்கும் சர்வீஸ் சார்ஜ் அந்தக் கணத்தில் பகல் கொள்ளையாகிவிடும்.

சர்வீஸ் தொழிலையே வளைத்துவிட்டது இந்த ‘இதுக்கா?’தான். ஆன் செய்தால் டிஸ்ப்ளே வரவில்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறது என்றால் பல நேரங்களில் ரேம் சரியாகத் தொடவில்லை என்று பொருள். ரேமைக் கழற்றி, அதன் விளிம்பில் தங்க முலாம் பூசிய பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் நான்கு தேய் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் படம் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. இதை வாடிக்கையாளர் கண்முன்னே செய்துவிட்டு முந்நூறு ரூபாய் கேட்ட கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பதிலைக் கேட்டவர்கள்: “ரப்பர் எங்க வீட்லயே இருக்கே தம்பி.” அன்றைக்கு முளைத்ததுதான் கடையின் பின்பக்கத் தடுப்பும் அதன்மேல் தொங்கும் திரையும். அதே ரப்பர் வேலை இப்போது திரைக்குப் பின்னால் நடக்கிறது. “போர்டைச் செக் பண்ணணும் சார், நாளைக்குச் சாயந்திரம் வாங்க” என்கிறான் பையன். மறுநாள் வாடிக்கையாளர் முந்நூறு ரூபாயைப் பேரம் பேசாமல் தருகிறார். ஒரு நாள் முழுக்க யாரோ பாடுபட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் திருப்தி. ஐந்து நிமிடத்தில் முடிப்பவனைவிட இரண்டு நாள் இழுப்பவனுக்கு அதிகக் கூலி என்ற விதியைக் கடைக்காரர் எழுதவில்லை. வாடிக்கையாளர்தான் எழுதினார், எழுதிய கையோடு கடைக்காரர் இழுத்தடிக்கிறார் என்று புகாரும் சொல்கிறார்.

சந்தேகம் அவருடைய நிரந்தரக் குணம். நல்ல ரேமை உருவிக்கொண்டு பழசைச் சொருகிவிடுவார்கள் என்று மச்சான் எச்சரித்து அனுப்பியிருப்பார். அதனால் மனைவியின் நகப்பூச்சால் உள்ளே ஆங்காங்கே ஒரு புள்ளி வைத்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. இந்தச் சந்தேகத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. மாற்றச் சொன்ன பாகம் உண்மையிலேயே மாற்ற வேண்டியதாக இருந்ததா என்பது, காசு கொடுத்து வீட்டுக்கு எடுத்துவந்த பிறகும் வாடிக்கையாளருக்குத் தெரியப்போவதில்லை. பழுதுபார்ப்பு போன்ற இந்த வகைச் சேவைகளை ஆராய்ந்து, பொருளியலாளர்கள் மைக்கேல் டார்பியும் ஈடி கார்னியும் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘கட்டற்ற போட்டியும் மோசடியின் உகந்த அளவும்’ என்பது அதன் தலைப்பு. பொருளியலில் இத்தனை வெளிப்படையான தலைப்பு அபூர்வம். அந்த உகந்த அளவு எவ்வளவு என்பதில்தான் ஊர்க் கடைக்காரர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

சிபியுவைப் பிரித்ததும் பையன் பார்ப்பது ஒரு குடும்பத்தின் வரலாறு. ஃபேனில் பஞ்சு மெத்தைக்கு ஆகும் அளவுக்குத் தூசி, மூலையில் பல்லி முட்டை, எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி அருகே வெப்பம் தேடி வந்து உயிர்விட்ட கரப்பான். வெளியே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். கணினிக்கு எத்தனை வயது என்று பில்லைத் தேட வேண்டியதில்லை. அந்தக் குங்குமம் வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் ஏறியிருக்கிறது, தூசி தட்டும் பிரஷ் ஒருமுறைகூட ஏறியதில்லை.

எஸ்டிமேட் சொன்னதும் அவர் எடுக்கும் ஆயுதம் ரிச்சி ஸ்ட்ரீட். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் அந்த எலெக்ட்ரானிக்ஸ் சந்தைக்கு அவர் வாழ்நாளில் ஒருமுறை போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். “ரிச்சி ஸ்ட்ரீட்ல இது பாதி விலை தம்பி” என்று தர்மபுரியிலிருந்து சொல்வதற்குப் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. பையனும் சளைக்காமல், “அங்கதான் சார் நாங்களும் வாங்குறோம்” என்பான். பேருந்துக் கட்டணத்தை இருவரும் மனதுக்குள் கூட்டிப் பார்த்து, நடுவில் ஓர் எண்ணில் நிற்பார்கள்.

பேரமே பேசாத ஒரு பிரிவும் இந்த இனத்தில் உண்டு. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாகக் கிடைத்த லேப்டாப்பை இன்னும் விடாமல் வைத்திருக்கும் பெற்றோர் அவர்கள். இதற்குச் செலவு செய்வது வீண், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று பையன் நேர்மையாகவே சொல்வான். “பாப்பா பிளஸ் டூவுல வாங்குனது” என்பார் அப்பா. பாப்பா இப்போது வெளியூரில் வேலை பார்த்து, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறாள். பேட்டரி மாற்றச் சொல்லிவிட்டுப் போவார்.

“உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா சார்? ஃபார்மேட் போடணும்.” கடையில் கேட்கப்படும் கேள்விகளிலேயே கனமானது இது. வாடிக்கையாளர் அதைத்தான் கவனிக்காமல் பதில் சொல்வார். “ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு.” டெஸ்க்டாப் என்பது திரையில் தெரியும் படம், கணினிக்குள் இருக்கும் இடம் இல்லை என்பது அவர் எண்ணம். டெஸ்க்டாப்பில் உள்ளவை பொதுவாக சி டிரைவில் உட்கார்ந்திருக்கின்றன, ஃபார்மேட் போடப்போவதும் அதே சி டிரைவைத்தான். அனுபவப்பட்ட பையன் கேட்காமலே பேக்கப் எடுத்துவைப்பான். அனுபவப்படாத பையன் மறுநாள் அனுபவப்படுவான். குலதெய்வக் கோயிலில் பேரனுக்கு மொட்டையடித்த படங்கள் எங்கே என்று வீட்டிலிருந்து மூன்று தலைமுறை கிளம்பி வந்து கடையில் நிற்கும்.

டிடிபி சென்டர்காரர் இதில் தனி ரகம். கல்யாணப் பத்திரிகைகளும் கண்ணீர் அஞ்சலிகளுமாக அவருடைய கோப்புகள் பத்திரமாகவே இருக்கும். ஆனால் புதிதாக ஓஎஸ் போட்டதில் பாமினி ஃபான்ட் காணாமல் போயிருக்கும். யூனிகோடு அல்லாத அந்தப் பழைய எழுத்துரு இல்லையென்றால், அதில் அடித்த ‘திருவளர்ச்செல்வி’ திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். “என் டாக்குமென்ட் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்திட்டான்” என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி முறையிடுவார். ஃபான்டைப் போட ஒரு நிமிடம். அவரைச் சமாதானப்படுத்த அரை மணி நேரமும் ஒரு டீயும்.

ஹார்ட் டிஸ்கே டிக் டிக் என்று சத்தம் போட்டுச் செத்துவிட்டால் நாடகம் வேறு. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, ஒரு தூசித் துகளுக்கே கொள்ளாத அளவு சிறியது. சாதாரண அறையில் அதைத் திறக்கவே கூடாது, அதற்கென்று தூசியற்ற அறை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கேட்கும் தொகையில் புது லேப்டாப் வாங்கிவிடலாம், உள்ளே இருந்தவை திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. முப்பது ரூபாய் பேட்டரிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டை இழுத்தவர் இங்கே வாயைத் திறக்காமல் ஏடிஎம்மைத் தேடிப் போவார். கணினியில் விலை போடக்கூடியது எது, கூடாதது எது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கி நகல் எடுத்துவைக்கச் சொன்னபோது மட்டும் அது மறந்துவிடுகிறது.

பாஸ்வேர்டு விஷயத்தில் அவர் வள்ளல். ஏடிஎம்மில் நான்கு எண்ணை அடிக்க உடம்பையே மறைப்பாக நிறுத்துபவர், கடையில் நான்கு பேர் முன்னிலையில், “பொண்ணு பேரு போட்டு ஒண்ணு ரெண்டு மூணு” என்று உரக்கச் சொல்வார். ஜாப் ஷீட்டில் அது பெரிய எழுத்தில் ஏறும். வங்கிக் கணக்குக்கும் அதே பாஸ்வேர்டுதான். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே சின்னக் கோளாறு செய்த லேப்டாப்களைப் பழுதுபார்க்கக் கொடுத்து, உள்ளே என்ன நடந்தது என்பதை ரகசியமாகப் பதிவு செய்தார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி 16 கடைகளில் 6 கடைக்காரர்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள், அதில் இருவர் நகலும் எடுத்திருந்தார்கள். ரேமைப் பற்றி எச்சரித்து அனுப்பும் மச்சான்களுக்கு இந்தப் பக்கம் இன்னும் தோன்றவில்லை.

பணம் கொடுக்கும் கட்டம் சுருக்கமானது. “பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் சார்.” “நமக்குள்ள எதுக்கு தம்பி பில்லெல்லாம்?” இருவரும் சிரிப்பார்கள். மூன்று வாரம் கழித்து மாற்றிய கீபோர்டில் ஒரு எழுத்து வேலைநிறுத்தம் செய்ததும், அதே வாடிக்கையாளர் வந்து வாரன்டி கேட்பார். பில் எங்கே என்றால், “நீதானே தரல?” 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணம் வாங்கிச் செய்யும் சேவையின் குறைபாட்டுக்கும் பொருந்துகிறது. ரசீது கொடுக்காததையே முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இவ்வளவு இருந்தும், அங்கே முதலில் கேட்பது அவர் வேண்டாம் என்று சொன்ன அந்தத் துண்டுக் காகிதத்தைத்தான்.

பழுது நீங்கிய பிறகு வீட்டில் எது நின்றாலும் அதற்குக் கடைதான் பொறுப்பு. பிரின்டரில் மை தீர்ந்தாலும், வைஃபை துண்டித்தாலும், பக்கத்து அறை டிவியில் சேனல் வராவிட்டாலும், “நீங்க கை வெச்ச பிறகுதான் தம்பி.” இனி அந்தக் கடைப் பக்கமே போவதில்லை என்று குடும்பத்தில் தீர்மானம் நிறைவேறும். அடுத்த மாதம் அலுவலகத்தில் யாருடைய லேப்டாப்போ ஆன் ஆகவில்லை என்றதும், அதே கடையின் நம்பரை அவரே தேடி எடுத்துக் கொடுப்பார். “நம்ம பையன்தான். என் பேரைச் சொல்லுங்க, பார்த்துப் போட்டுத் தருவான்.”

பையனுக்கு அந்தப் பெயர் தெரியாது. அவன் போனில் அவருடைய நம்பர் ‘காபி லேப்டாப் 2’ என்று பதிவாகியிருக்கிறது.